பூனைக் குடைக்கு விழுந்த நிழல்

"நெட் மோடத்துக்கு ஸ்டெதஸ்கோப் வெச்சா பார்த்தார் உங்க ஞானி?"

"சிரிக்காத. வெச்சுதான் பார்த்தார். மூச்சுத் திணறுதுன்னு சொன்னார்."

"யாருக்கு?"

"நம்ம கடைப் பேருக்கு."

"பேருக்கு நுரையீரல் எங்கண்ணே இருக்கு?"

"உனக்கு லிஃப்ட் மட்டும்தான் தெரியும். தெரியாத விஷயத்துல வாயை விடாத."

லிஃப்ட் பழுது பார்க்கும் தங்கை அண்ணனிடமிருந்து திரும்பினாள். எதிரே காலணித் தோலில் ஊசி ஏற்றித் தைத்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நிமிரவில்லை. அவளுக்குச் சிரிக்கவும் நேரமில்லை, அழவும் நேரமில்லை.

அண்ணி தைப்பது ஒன்றுக்கொன்று ஒத்துவராத கால்களுக்கான காலணிகள். ஒரு கால் குட்டையானவர்கள், ஒரு பாதம் வளைந்தவர்கள், எந்தக் கடைக்குப் போனாலும் கால் நுழையாமல் திரும்பி வருகிறவர்கள், இவர்கள் எல்லாம் அவளுடைய வாடிக்கையாளர்கள். இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து, படம் எடுத்து, அவளுடைய வலைத்தளத்துக்கு அனுப்புவார்கள். காலணி வீடு தேடிப் போகும். பதினோரு வருடமாக அந்த வலைத்தளத்தின் பெயர்தான் கடை, அதுதான் முகவரி, அதுதான் மானம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இணையத்தில் இன்னொரு கடை முளைத்தது. அதே பெயர், நடுவில் மட்டும் ஒரு சின்னக் கோடு. அதே நிறம், அதே படங்கள். ஊசி பிடித்திருக்கும் அண்ணியின் கைகூட அதே கைதான், கட்டைவிரல் நகம் பாதி போன கை. பாத வரைபடங்களும் முன்பணமும் அங்கே போயின. காலணி மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. முந்தாநாள் ஒரு தகப்பன் கடை வாசலில் நின்று கத்தினார். "என் பொண்ணு அடுத்த மாசம் பட்டம் வாங்க மேடை ஏறணும். உங்க பேரை நம்பித்தானே அனுப்பினோம்!" அது வேறு கடை என்று அண்ணி சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாத அந்த மனிதரின் மகளுக்காகத்தான் அவள் இப்போது தைத்துக்கொண்டிருந்தாள்.

பெயர்களைப் பதிவு செய்து விற்கும் நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்தாள். கோடு போட்ட பெயரை வாங்கியவர் யாரென்று சொல்ல இயலாது, அது அவருடைய அந்தரங்கம், மோசடி என்றால் சான்று அனுப்பவும் என்று பதில் வந்தது. திருடனுக்கு அந்தரங்கம் உண்டு. அண்ணியின் கைக்குத்தான் இல்லை.

சான்றைத் தேட வேண்டிய அண்ணன், மோடத்தைத் தூக்கிக்கொண்டு ஞானியைத் தேடிப் போனார்.

பெயர் ஞானி என்றால் அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், நீலக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக, சனிக்கிழமைதோறும் தரிசனம். படிக்கட்டில் வரிசை கீழே பேக்கரி வரைக்கும் வளைந்து நிற்கும். பல் டாக்டர் நிற்பார், டிரைவிங் ஸ்கூல்காரர் நிற்பார், தையற்கடை அம்மா நிற்பார். படித்தவர்கள் கொஞ்சம் தள்ளி, யாருக்கோ துணைக்கு வந்தவர்களைப் போல நிற்பார்கள். உங்கள் வலைத்தளத்தின் பெயரை ஞானியின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். காற்றுக்குக் கேட்டால் பலன் போய்விடுமாம். அவர் கண்ணை மூடுவார். "ஏழு நாளில் இதற்கு ஒரு நிழல் பிறக்கும்" என்பார்.

பிறக்கும், நடுவில் கோடு போட்ட ஒரு போலிக் கடையாக. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வானிலை அறிவிப்பவர்கள் பொறாமையில் வேலையை விட்டுவிட வேண்டிய துல்லியம். பிறகு மோடத்துக்கு அடியில் வைக்க ஒரு தாமிரத் தகடு தருவார். நிழல் தூங்கிவிடும். மாதாமாதம் தகட்டை மாற்ற வேண்டும். மறந்தால் மறுநாளே விழித்துக்கொள்ளும். நிழலுக்குக் காலண்டர் பார்க்கவும் தெரியும்.

போன மாதம் அண்ணனும் சும்மா ஒரு வாழ்த்துக்காகப் போய்க் கடைப் பெயரைக் காதில் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஏழாம் நாள் நிழல் பிறந்தது. அன்று முதல் அண்ணன் அடிமை.

"இது முரட்டு நிழலாம், தகட்டுக்கு அடங்காதாம்" என்றார் இப்போது. "கடைப் பேரையே ஏழு வாரத்துக்கு அவர் பேருக்கு மாத்தித் தரணும். நிழல் அவரைப் பிடிச்சுக்கும், நம்மளை விட்டுடும். அடுத்த வாரம் சனிக்கிழமை, எல்லார் முன்னாலயும் மாத்திடலாம்னார். நமக்காக உயிரையே பணயம் வைக்கிறார்!"

"அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?"

"அதையும் குடுத்துட்டு நான் எந்தப் பேர்ல தைக்கிறது?" அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள். "ஆனா வேற வழியும் தெரியலையே."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அது போதும்."

நின்றுபோன லிஃப்டுக்குத் தங்கை ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் தொடுவாள், மற்றதை அப்படியே விடுவாள். எதைத் தொட்டால் விளக்கு எரிகிறதோ, அங்கேதான் விஷயம். அன்றிரவு அவள் உலகத்தில் இல்லாத மூன்று கடைகளுக்குப் பெயர் வைத்தாள். எதையும் பதிவு செய்யவில்லை. இரண்டைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் அண்ணியிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் சனிக்கிழமை, ஞானியின் கட்டடத்துக் கீழே பேக்கரி அம்மாவின் மேஜை இழுப்பறையில் வைத்தாள். மூன்றாவதை மாடியேறிப் போய் ஞானியின் காதில் சொன்னாள்.

"பூனைக்குக் குடையா?" ஞானிக்கே ஒரு கணம் ஞானம் தடுமாறியது.

"ஆமாங்கய்யா. நனைஞ்சா அதுக்கும் சளி பிடிக்கும்ல."

ஞானி கண்களை மூடினார். காதுகளை நன்றாகத் திறந்து வைத்திருந்தார். "பலமான பேரு. ஏழே நாள்."

அடுத்த சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முரட்டு நிழலை ஞானி தன்மேல் வாங்கப் போகிறார் என்றால் சும்மாவா? முன்வரிசையில் அண்ணன், பக்கத்தில் மடியில் பெட்டியோடு அண்ணி. ஞானி வாயைத் திறக்குமுன் தங்கை எழுந்தாள்.

"ஐயா, என் குடைக் கடைக்கு நிழல் பிறந்துச்சுங்களா?"

"பிறந்தாச்சு! எல்லாரும் திரையைப் பாருங்க!"

உதவியாளர் தட்டினார். பெரிய திரையில் கோடு போட்ட பெயரில் பூனைக் குடைக் கடை திறந்தது. கூட்டம் "ஆ!" என்றது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப அந்தக் கோட்டை எடுத்துட்டு என் கடையைத் திறங்க."

திறக்கவில்லை. அப்படி ஒரு முகவரியே இல்லை, பெயர் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது என்றது திரை.

"என் கடை இல்லவே இல்லீங்க. பேரைக்கூட நான் வாங்கலை. ஆளே இல்லாத இடத்துல நிழல் எப்படிங்க விழுந்துச்சு?"

ஞானி சளைக்கவில்லை. "மனசுல நினைச்சாலே போதும்மா! நினைப்புக்கும் நிழல் உண்டு!" பின்வரிசையில் கைதட்டல் கேட்டது. அண்ணன்கூடத் தட்டினார்.

"அப்ப நான் இன்னும் ரெண்டு நினைச்சேன். அக்கா, உறையைப் பிரிங்க."

பேக்கரி அம்மா கையெழுத்தைக் காட்டிவிட்டுப் பிரித்துப் படித்தார். முயலுக்கு மூக்குக்கண்ணாடி, மீனுக்கு மழைக்கோட்டு. கோடு போட்டும் தேடினார்கள், போடாமலும் தேடினார்கள். ஒன்றும் பிறந்திருக்கவில்லை.

"மூணும் ஒரே தலையிலதான் இருந்துச்சு. உங்க காதுல விழுந்தது மட்டும் எப்படி ஐயா பிறந்துச்சு?"

அப்போது பல் டாக்டர் பூனைக் குடைக் கடையை மறுபடி திறக்கச் சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே போனார். "குடைப் படத்துக்குக் கீழே என்னமோ எழுதியிருக்கே." சத்தமாகப் படித்தார். "உங்கள் இரண்டு பாதங்களின் வரைபடத்தை இங்கே இணைக்கவும். எந்தக் குதிகால் உயரம் குறைவு?"

"பூனைக்கு நாலு கால்ல!" என்றது ஒரு குரல்.

பாவம், ஞானிக்கு வேலைப்பளு. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிழல் பெற்றுப் போட வேண்டும். பழைய திருட்டிலிருந்து புதிய திருட்டுக்குப் படியெடுத்தவர், அழிக்க மறந்துவிட்டார். திரையின் மூலையில் ஒரு படமும் தங்கியிருந்தது. ஊசி பிடித்த ஒரு கை.

அண்ணி எழுந்து போனாள். திரைக்குப் பக்கத்தில் தன் கையைத் தூக்கிப் பிடித்தாள். அங்கேயும் கட்டைவிரல் நகம் பாதி இல்லை, இங்கேயும் இல்லை.

"இது என் கை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் உதவியாளரின் கணினியைப் பிடுங்கினார். அதற்குள், கூடத்தில் இருந்த அத்தனை பேரின் கடைப் பெயர்களும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு, எதிரே தகடு மாற்ற வேண்டிய தேதி. நிறுவனம் கேட்ட சான்று அதுதான். ஞானி நீலக் கோட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் பாய்ந்து பொத்தானை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"அது ரெண்டு நாளா ஓடலைங்கய்யா" என்றாள் தங்கை. "ரிப்பேர் பண்ண வேண்டியவ இங்க நிக்கிறேன்."

போலீஸ் வரும்வரை ஞானி லிஃப்டுக்குள்ளேயே தியானம் செய்தார்.

தையற்கடை அம்மா தங்கையின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, தகட்டைத் தூக்கிப் போட்டா ஒண்ணும் ஆகிடாதே?"

"காகிதம் பறக்காம மேல வெச்சுக்குங்க. அதுக்கு நல்லா வேலை செய்யும்."

நடக்கப் போவதை நாள் குறித்துச் சொல்கிறவனைக் கண்டால் கும்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கும்பிடுவதற்கு முன்னால், அதை நடத்துகிறவன் யாரென்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் முன்வரிசை நாற்காலியில் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி பெட்டியை அவர் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி புதுக் காலணிகள், ஒன்றின் குதிகால் மற்றதைவிட ஒன்றரை அங்குலம் உயரம்.

"அந்தப் பொண்ணோட அப்பா இன்னும் நம்மளைத் திருடங்கன்னுதான் நினைச்சிட்டிருக்கார்" என்றாள். "இதை நீங்களே கொண்டு போய்க் குடுத்துட்டு, நம்ம கடைப் பேரை யார் காதுல போய்ச் சொன்னீங்கன்னும் அவர்கிட்ட சொல்லிட்டு வர்றீங்களா?"