கண்ட்ரோல்-க்யூவால் தலை நிமிர்ந்த மாப்பிள்ளை

கோயமுத்தூர், சரவணம்பட்டி
ஆடி 9, வெள்ளிக்கிழமை

வால்பாறை மழைக்கும் அட்டைக்கடிக்கும் அசராமல் தேயிலை ஃபாக்டரியைக் கட்டி மேய்த்துவரும் மதிப்பிற்குரிய மாமா சென்னிமலை அவர்களுக்கு, தங்கள் மூத்த மாப்பிள்ளை அருள்குமார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகள் லோகப்பிரியாவும் சௌக்கியம். அங்கே தங்கள் மூட்டுவலியும் அத்தையின் ரத்தக்கொதிப்பும் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் எஸ்டேட் சிக்னலில் நான் "ஜெயிச்சுட்டேனுங்க மாமா" என்று சொன்னால் அது "ராஜினாமா" என்று தங்கள் காதில் விழ வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் பேனா. பேனாவில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் முனை வெளியே வரும், மறுபடி அமுக்கினால் உள்ளே போகும். எந்தக் கடையில் வாங்கினாலும் அப்படித்தான். இந்த அருமை எனக்குப் போன மூன்று மாதத்தில்தான் புரிந்தது.

ஃபாக்டரி ஸ்டோரில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தாங்கள் லோகப்பிரியாவிடம் சொன்னீர்கள். "மாப்பிள்ளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியோட ஒத்துவரலீன்னா இங்க வந்துரட்டும் கண்ணு, இங்க எல்லாம் நோட்டுலதான் எழுதறோம்" என்றீர்களாம். நானும் ஆடி முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொன்னேன். நாற்பத்தொன்பது வயதில் மாமனார் பார்த்துக் கொடுத்த வேலைக்குப் போவது என்றால் என்ன என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் பதிலைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினான்கு பேர். நூல் மில்லில் எந்த மிஷின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று ஷெட்டிலேயே ஒரு பெரிய திரையில் காட்டுகிற புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். இருபத்துநாலு வருஷமாக என் இடது கைச் சுண்டுவிரல் கீபோர்டின் மூலையில் இருக்கும் கண்ட்ரோல் பொத்தானிலேயே குடியிருந்தது. கண்ட்ரோலோடு சி என்றால் காப்பி, கண்ட்ரோலோடு எஸ் என்றால் எழுதியதைப் பத்திரப்படுத்துவது. யோசித்துச் செய்வதில்லை மாமா, கண் இமைப்பதைப் போலத்தான். சித்திரையில் கம்பெனி எல்லோருக்கும் மேக் என்கிற புதுத் தினுசுக் கம்ப்யூட்டர் கொடுத்தது. அதில் இந்த வேலைகளையெல்லாம் சுண்டுவிரல் செய்யக்கூடாதாம், கட்டைவிரல்தான் செய்ய வேண்டுமாம், பொத்தானின் பெயரும் கமாண்டாம். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மில்லில் இருப்பது லினக்ஸ் என்கிற இன்னொரு தினுசு, அங்கே மறுபடி சுண்டுவிரல்தான், ஆனால் பழைய அர்த்தத்தில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் லோகப்பிரியா ரவிக்கை டிசைன் போடும் பழைய விண்டோஸ். ஒரே நாளில் மூன்று தினுசுப் பொட்டிகள். மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது பத்தே விரல்கள்.

மேக்கில் ஒரு பக்கத்தை மட்டும் மூட டபிள்யூ, முழுப் புரோகிராமையும் இழுத்து மூட க்யூ. இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்தவருக்கு வீட்டு வாசலும் கிணறும் ஒரே இடத்தில் இருந்தால் போதும் போலிருக்கிறது. முதல் வாரமே கருமத்தம்பட்டி மில் முதலாளி ராமுலு அவர்களோடு வீடியோ மீட்டிங். பெரிய மனிதர், தாத்தா காலத்தில் பருத்தி வெள்ளாமை, இவர் காலத்தில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷின் முப்பத்தாறு. அவர் எங்கள் திரையில் ஒரு குறை சொல்ல ஆரம்பித்தார். நான் வேறொரு பக்கத்தை மூடப்போய் க்யூவைத் தொட்டேன், மீட்டிங்கே மூடிக்கொண்டது. மறுபடி உள்ளே போனேன். அவர் மறுபடி குறையைச் சொன்னார், நான் மறுபடி வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும், அவர் எங்கள் டீம் தலைவி நஸ்ரியாவைப் போனில் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மணி, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனுங்களா? அவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாருங்க" என்று கேட்டிருக்கிறார். நஸ்ரியாவுக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு. எனக்காக அவர் மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். லோகப்பிரியாவின் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, தொடலாம் என்ற பொத்தான்களுக்குப் பச்சை, தொடவே கூடாது என்பவற்றுக்கு அரக்கு என்று ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் மீட்டிங்கில் யோசனையாக நெற்றியைத் தடவியிருக்கிறேன். அரைமணி நேரம் கழித்து ராமுலு அவர்கள் பயபக்தியோடு, "மாரியம்மனுக்கு வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். க்யூவில் ஒட்டிய அரக்குப் பொட்டு என் நெற்றி நடுவில் இருந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

இவையெல்லாம் சிரித்து மறந்துவிடக்கூடியவை. ஆனி மாதம் நடந்தது அப்படியல்ல. மில் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் வரி வரியாக எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஷெட்டில் தொங்கும் பெரிய திரைக்கு உயிர் கொடுப்பது அந்த ஓட்டம்தான். அதில் நடுவே ஒரு பிழைச்செய்தி வந்தது. அதைக் காப்பி எடுத்து நஸ்ரியாவுக்கு அனுப்பலாம் என்று கண்ட்ரோல் சி அமுக்கினேன். அந்தக் கறுப்புத் திரையில் கண்ட்ரோல் சி என்றால் காப்பி அல்ல மாமா, ஓடுகிற புரோகிராமைக் கொல்வது. காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கப் போனவன் நோயாளியின் கழுத்தை நெரித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரியாததல்ல இது. தலைக்குத் தெரியும், விரலுக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் நஸ்ரியா என்னிடம் வந்து, "அண்ணா, கொஞ்ச நாளைக்குப் புரோகிராம் எழுத வேண்டாங்க. மில்லுக்காரங்களுக்கு விளக்கப் புஸ்தகம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னதால்தான் அதிகமாக வலித்தது. அன்றைக்குத்தான் லோகப்பிரியா தங்களிடம் பேசியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராமுலு அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பத்து நாள் இடைவிடாமல் எங்கள் புரோகிராம் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் தோல்வி, திரையைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். அவர் வேண்டாம் என்றால் அவர் சொந்தக்காரர்களின் ஏழு மில்லும் வேண்டாம் என்று அர்த்தம். எட்டு நாள் ஓடிவிட்டது. ஒன்பதாம் நாள், போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஷெட் சூப்பர்வைசர் மயிலாத்தாள் போன் செய்தார். "ஏனுங்க, பன்னெண்டாம் நம்பரு நூலு அறுந்து நின்னு அரைமணி நேரமாச்சுங்க. உங்க பொட்டியில அது ஓடிக்கிட்டே இருக்குதுங்க. எது நெசமுங்க?"

ஆபீஸே கலங்கிப்போனது. சர்வர் பார்க்கும் சசிதர் நெட்வொர்க் என்றார், இன்னொருவர் வயர் என்றார், மூன்றாமவர் பேசாமல் அணைத்துப் போடலாம் என்று சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நஸ்ரியா மட்டும் மயிலாத்தாளிடம் போனில் எதையோ விசாரித்தார். பிறகு நேராக என் மேஜைக்கு வந்தார். மற்ற பதிமூன்று பேரும் இருக்கிற இடத்தில், விளக்கப் புஸ்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்கதான் போகணும்" என்றார். அந்த வார்த்தையில் என் அனுபவத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதையை நான் உணர்ந்தேன் மாமா. சசிதரும் கூட வந்தார். வண்டியில் போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: "அண்ணா, சி-யை மட்டும் தொட்டுராதீங்க."

மில்லுக்குள் போனால் ராமுலு அவர்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் திரையில் எண்கள் பாதி வரியில் நின்றிருந்தன. பிழைச்செய்தி எதுவும் இல்லை. சசிதர் வயர்களையெல்லாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தேன். சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். ஒரு தப்பான பொத்தான், எட்டு நாளும் போச்சு, பதினான்கு பேருடைய பிழைப்பும் போச்சு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் காலேஜில் படித்தபோது பச்சை எழுத்து ஓடுகிற டெர்மினல் திரைகள்தான். எழுத்து கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடினால், நிறுத்திப் படிப்பதற்கு கண்ட்ரோல் எஸ், மறுபடி ஓட விடுவதற்கு கண்ட்ரோல் க்யூ. அந்தப் பழக்கம் இன்றைக்கும் லினக்ஸின் கறுப்புத் திரையில் இருக்கிறது. பத்திரப்படுத்துகிற நினைப்பில் யாராவது எஸ்ஸை அமுக்கிவிட்டால், திரை அப்படியே உறைந்துவிடும். எழுத இடமில்லாமல் புரோகிராமும் காத்துக்கொண்டு நிற்கும். சாகாது, காத்திருக்கும்.

"க்யூவை அமுத்தப் போறேன்" என்றேன்.

சசிதர் என் தோளைப் பிடித்தார். "அண்ணா, க்யூவுன்னா மூடறதுங்க."

"அது நம்ம ஆபீஸ் பொட்டியில. இங்க தெறக்கறது."

"நிச்சயமாத் தெரியுங்களா?"

"தெரியும்" என்றேன். மூன்று மாதத்தில் நான் தயங்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. சுண்டுவிரல் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. க்யூவை அமுக்கினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, மதகு திறந்த மாதிரி, தேங்கி நின்ற வரிகள் எல்லாம் கொட்டின. ஒவ்வொரு மிஷினின் மீட்டரும் சேர்த்து வைத்திருந்த கணக்கு ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தது. பெரிய திரையில் பன்னிரண்டாம் நம்பர் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. மயிலாத்தாள் அண்ணாந்து பார்த்து, "இப்பத்தானுங்க நெசம் சொல்லுது" என்றார். ராமுலு அவர்கள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நிறுத்தி ஆரம்பிக்கலீங்களே?"

"இல்லீங்க. அது நிக்கவே இல்லீங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அன்னைக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் போனீங்க. இன்னைக்கு உட்கார்ந்த எடத்துலயே முடிச்சுப்போட்டீங்க" என்று சொல்லி இளநீர் வெட்டச் சொன்னார். முந்தாநாளோடு பத்து நாளும் நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதம் அவர் தம்பி மில்லிலும் திரை மாட்டுகிறோம். விளக்கப் புஸ்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பழையபடி புரோகிராம் எழுதுகிறேன். கம்பெனியில் அவரவர் கைக்குப் பழகிய பொட்டியையே வைத்துக்கொள்ளலாம் என்று புது உத்தரவு. மில் கம்ப்யூட்டருக்கு மேலே, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று நான் தமிழில் எழுதிய அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே என் பெயர். வெளியாட்கள் தொட்டுவிடாமல் இருக்க அந்த அறைக்குப் பூட்டும் போட்டாயிற்று. ஆகவே மாமா, தங்கள் அன்புக்குத் தலைவணங்கி, ஸ்டோர் வேலையைத் தகுதியான வேறொருவருக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைத் தாங்கள் அத்தைக்கும், முக்கியமாகச் சின்ன மாப்பிள்ளைக்கும், உரக்கப் படித்துக் காட்டினால் மகிழ்வேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். எஸ்டேட் மழை அளவோடு பெய்து, கொழுந்து நிறையத் துளிர்த்து, தங்கள் முழங்கால் கொண்டை ஊசி வளைவுகளைப் பொறுத்துக்கொள்ளும் நாளில் இருவரும் கோவைக்கு வந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
அருள்குமார்

பி.கு.: கவரை ஒட்டும் முன் லோகப்பிரியா கடிதத்தைப் படித்தாள். "எல்லாஞ் சரிங்க. அந்த எஸ்ஸை அமுத்துன வெளியாளு யாருங்க?" என்று கேட்டாள். அவள் தங்கள் மகள், அவளிடம் பொய் நிற்காது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிற வழியில் மில்லில் நுழைந்து, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். நன்றாக ஓடியது. மனம் நிறைந்து கிளம்பும்போது விரல் தன்பாட்டில் பத்திரப்படுத்திவிட்டது போலிருக்கிறது. அந்தக் கீபோர்டைத் தொட்டபோதுதான் ஞாபகம் வந்தது. இன்று மதியம் மனசு கேட்காமல் நஸ்ரியாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அன்னைக்கே தெரியுங்கண்ணா. திரை நின்னது ஒன்பது பன்னெண்டுக்கு. அந்த ரூம் நோட்டுல ஒன்பது பத்துக்கு உங்க கையெழுத்து இருக்குன்னு மயிலாத்தாள் படிச்சாங்க. என்னத்த அமுத்துனீங்கன்னுதான் யாருக்கும் தெரியலை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்மையாகச் சொன்னார்: "நான் உங்களை அனுப்பலீங்கண்ணா, உங்க விரலைத்தான் அனுப்புனேன்."