கேப்டன் தேர்ந்தெடுத்த வளையம்

இந்தக் கதையில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. எங்கே என்று இப்போதே சொல்லிவிடலாம். மாட்டேன். பொறுங்கள். முதலில் ஒரு வளையத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

தூண்டில் கோலைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ரீல். ரீலிலிருந்து கிளம்பும் நைலான் நரம்பு தறிகெட்டு ஆடாமல் நுனிவரை ஒழுங்காகப் போய்ச்சேர, கோல் நெடுக வளையங்களைக் கட்டியிருப்பார்கள். வெளியே உலோகச் சட்டம், உள்ளே வழவழவென்று பீங்கான். அந்தப் பீங்கானில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், நரம்பைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். மீன் தன் வழியே போகும். மீன் போனால் வாடிக்கையாளரும் தன் வழியே போவார்.

என்ன, சிரிப்பு வரவில்லையா? அதற்குள்ளா! இன்னும் ஆளையே காட்டவில்லை.

ஆள் நம் கேப்டன். அவரைக் கேப்டன் என்று கூப்பிடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான், அது அவரே. மற்றவர்களுக்கு அவர் படகுக்காரர். மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போவார். தூண்டில், இரை, அறிவுரை எல்லாம் அவரே கொடுப்பார். அறிவுரை மட்டும் கேட்காமலே கிடைக்கும்.

சொந்தத் தூண்டில் என்பது புது மாப்பிள்ளை. துடைத்து, உறையில் போட்டு, அலுங்காமல் வைத்துக்கொள்வார்கள். வாடகைப் படகுத் தூண்டில் பழைய மாப்பிள்ளை. மிதிப்பார்கள், உட்காருவார்கள், படகு விளிம்பில் வைத்துத் தேய்ப்பார்கள், உப்புத் தண்ணீரோடு மூலையில் எறிவார்கள். முதலில் சாவது வளையம்தான். போன வாரம் அப்படித்தான் ஒரு வளையத்தில் பீங்கான் தெறித்து, நரம்பு அறுந்து, ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே தடவை மாட்டிய பெரிய மீன் கையை ஆட்டாத குறையாகக் கிளம்பிப்போனது. விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் எல்லாத் தூண்டில்களுக்கும் புது வளையம் கட்டியாக வேண்டும்.

கட்டுகிறவர் கேப்டனின் மனைவி. சமையலறைக்கு அடுத்த அறையில் அவளுடைய மேசை. வளையத்தின் கால்களைக் கோலில் வைத்து, நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, மேலே பசை பூசிக் காய வைத்தாள் என்றால் அது கோலோடு பிறந்த மாதிரி நிற்கும்.

காலையில் டீயைக் கையில் வாங்கிய கேப்டன் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொன்னால் எடுபடாத விஷயம்.

"இந்தத் தடவை வளையத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன்!"

"எடுங்க."

"யார் தடுத்தாலும் எடுப்பேன்!"

"எடுங்கன்னுதானே சொன்னேன்."

"குறுக்கே பேசாத!"

பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. சோபாவின் நிறம், ஜன்னல் திரை, படகின் பெயிண்ட், ஏன், அவருடைய சட்டைகூட, கடைக்குள் நுழையும்வரை எல்லாமே அவர் இஷ்டம்தான். வெளியே வரும்போது எப்படியோ அது அவள் இஷ்டமாகியிருக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று அவருக்கே விளங்கியதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில், தன் பேச்சு நடந்து பார்த்துவிட வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் பாக்கி.

கடையில் விற்பனைப் பையன் வளையத்தை வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினான். குரலைத் தாழ்த்தினான்.

"சார், இது ராக்கெட்டுக்குப் போடற உலோகம் சார். காத்தை விட லேசு. கையில வெச்சா இருக்கறதே தெரியாது. எல்லாருக்கும் காட்டறதில்ல சார். உங்க முகத்தைப் பாத்ததும் தோணிச்சு, இவருக்கு விஷயம் தெரியும்னு."

கேப்டனின் முகம் தேங்காய் அளவிலிருந்து பூசணி அளவுக்கு வந்தது.

மனைவி வளையத்தைக் கையில் எடுத்தாள். ஒரு பஞ்சுத் துணுக்கை உள்ளே விட்டுச் சுற்றினாள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை. சட்டத்தை இரண்டு விரலால் நெரித்தாள். கட்டைவிரலால் பீங்கானை அமுக்கினாள்.

"தம்பி, பீங்கானை அழுத்திப் பதிச்சிருக்கா, பசை போட்டு ஒட்டியிருக்கா?"

"அது நவீன முறை அக்கா."

"அப்ப ஒட்டினது."

மூலைப் பெட்டியிலிருந்து வேறொன்றை அவளே எடுத்தாள். தடித்த எவர்சில்வர் சட்டம், ராக்கெட் வளையத்துக்கு இருந்த அதே கறுப்புப் பூச்சு. பீங்கானைச் சட்டத்துக்குள் அழுத்திப் பதித்திருந்தார்கள். நெரித்தாள், வளையவில்லை. தூரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. கிட்டத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளை.

"படகுல படற அடிக்கெல்லாம் இதுதாங்க தாங்கும்."

"ராக்கெட்டையே தாங்குதாம்! படகைத் தாங்காதா?"

"ராக்கெட்டு மேல யாருங்க உக்காரப்போறாங்க?"

சண்டை வீடுவரை வந்தது. அங்கே பந்தயமானது. இரண்டு வளையத்தையும் ஆளுக்கொரு கோலில் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்களிடம் கொடுப்பது. எது தாங்குகிறதோ அதுதான் படகு முழுக்க. தோற்றவர் சீசன் பூராவும் இரைப்பெட்டி கழுவ வேண்டும். இரைப்பெட்டியா? அதன் மூடியைத் திறந்தால் பூனையே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

"எந்தக் கோலு யாருதுன்னு எப்படிங்க தெரியும்? ரெண்டும் ஒண்ணு போல இருக்கே."

"நூல்ல காட்டு. எனக்கு நீலம். கடலோட நிறம். உனக்குச் சிவப்பு. அபாயம்!"

"சரிங்க. எந்தக் கோலை எந்த வாடிக்கையாளருக்குக் குடுக்கறதுங்க?"

"சீட்டுக் குலுக்கித்தான். நேர்மைன்னா நேர்மை!" என்று சொல்லிக் கேப்டன் காதைச் சொறிந்தார். கள்ளத்தனம் யோசிக்கும்போதெல்லாம் அவர் சொறிகிற அந்தக் காதையே மனைவி பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நூல் சுற்றப் போனாள்.

ஞாயிறு காலை கோல்கள் தயார். ஒன்றில் நீல நூல், ஒன்றில் சிவப்பு. கேப்டன் நீலத்தைத் தூக்கினார். "ஆஹா, இறகு!" சிவப்பைத் தூக்கினார். முகம் அஷ்டகோணலானது. "ஏம்மா, இது தூண்டிலா, உலக்கையா? தோள்பட்டையே இறங்குது!"

"எனக்கு வித்தியாசம் தெரியலைங்க."

"உனக்கெப்படித் தெரியும்? கை பழகணும்!"

படகில் அன்றைக்கு இரண்டு பேர். ஒருவர் கசாப்புக் கடைக்காரர். கதவைத் திறக்கச் சொன்னால் கையோடு கொண்டுவந்துவிடுகிற ஆள். இன்னொருவர் பல் டாக்டர். ஈ உட்கார்ந்தால்கூட 'மன்னிக்கணும்' என்று சொல்லித்தான் ஓட்டுவார். எஞ்சின் பக்கத்தில் கேப்டனின் மச்சான். ஓரத்தில் மனைவி.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இரண்டு சீட்டு. இரண்டிலும் அவர் எழுதியிருந்தது 'சிவப்பு'.

"அண்ணே, நீங்க எடுங்க!"

கசாப்புக் கடைக்காரர் எடுத்தார். "செவப்பு!"

"அப்ப டாக்டருக்கு நீலம். இதைப் பிரிச்சு வேற பாக்கணுமா?" மற்ற சீட்டு கடலுக்குப் போனது.

"மாமா, அதையும் ஒரு தடவை..." என்றான் மச்சான்.

"நீ எஞ்சினைப் பாரு!"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! டாக்டர் நீலக் கோலைப் பஞ்சில் வைத்த மாதிரி பிடித்துக்கொண்டார். ஒரு சின்ன மீன் மாட்டியது. "வாயை நல்லாத் திறங்க... அவ்வளவுதான்... கொஞ்சமே கொஞ்சம் வலிக்கும்," என்று மீனிடம் பேசிக்கொண்டே தூக்கினார். கேப்டன் ஓடிவந்து நீலக் கோலைத் துண்டால் துடைத்தார்.

அந்தப் பக்கம் போர்க்களம். கசாப்புக் கடைக்காரர் சிவப்புக் கோலைப் படகு விளிம்பில் சாத்தி அழுத்தினார். வளையமெல்லாம் கறகறவென்று தேய்ந்தது. கீழே போட்டார். மிதித்தார். மீனைக் கோலோடு சேர்த்துப் படகுக்குள் வீசினார்.

"தம்பி, நான் பாட்டுக்கு இழுக்கறேனே, ஒடிஞ்சிராதா?"

"ஒடியட்டும்ணே! வாடகைக் கோலுதானே! இன்னும் நல்லா அழுத்துங்க! அந்த நங்கூரக் கயித்துல சிக்கிச்சு பாருங்க, கோலாலயே நெம்புங்க!"

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு."

மத்தியானம் ஏதோ பெரிசாக மாட்டியது. கோல் வில்லாக வளைந்தது. கசாப்புக் கடைக்காரர் ஒரு காலை விளிம்பில் ஊன்றி உறுமினார். டக்! பீங்கான் தெறித்தது. நரம்பு அறுந்தது. அவர் பின்னால் சாய்ந்து இரைப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

மீன் போனதற்காக ஆடிய படகுக்காரர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது கேப்டன்தான். ஒற்றைக் காலில் ஆடினார். பிறகு தொப்பியை நேராக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாரும் பாத்துக்குங்க! இது வளையமா? வடிகட்டின மோசடி! இதைப் பொறுக்கி எடுத்த ஆளுக்குக் கண்ணு இருக்கா? கடைக்காரன் ஊதினா ஆடற தலையாட்டி பொம்மை! கேப்டன்ங்கற முறையில ஆணையிடறேன். இந்த வளையம் இனி என் படகுல ஏறக் கூடாது! இதை வாங்கின ஆளு இன்னிலேர்ந்து இரைப்பெட்டி கழுவணும்! அழுதாலும் விடமாட்டேன்!"

"ரொம்பக் கடுமையா இருக்கேங்க. கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"முடியாது! பேச்சுன்னா பேச்சு!"

"சரிங்க." அவள் கோலை மடியில் வைத்து, பீங்கான் விழுந்த இடத்தைக் காட்டினாள். "இங்க என்னங்க மஞ்சளா ஒட்டியிருக்கு?"

கேப்டன் குனிந்தார். குதித்தார். "பசை! பாத்தீங்களா, பசை! பதிக்கவே இல்ல, ஒட்டியிருக்கான்! ஒட்டின வளையத்தை எவனாவது படகுக்கு..."

அங்கே நின்றார். வாய் மட்டும் மூடவில்லை.

நீலக் கோலைப் பார்த்தார். டாக்டர் மடியில் அது தேமேயென்று இருந்தது. சிவப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீ... நூலை... மாத்தி..."

"ஆமாங்க, மாத்தித்தான் சுத்தினேன். அதனால என்ன? சீட்டுக் குலுக்கித்தானே குடுத்தீங்க? எந்த நூலு எதுல இருந்தா என்ன, யாருக்கு எது வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க யாராவது இருந்தாத்தானே தப்பு?"

"அநியாயம்!" என்று கத்தினார் கேப்டன். "முரட்டு ஆள் கையில..."

இரைப்பெட்டி மேலிருந்து கசாப்புக் கடைக்காரர் மெல்ல எழுந்தார். நிழல் கேப்டன் மேல் விழுந்தது.

"யாரு தம்பி முரடு? சீட்டை நான்தானே எடுத்தேன். சீட்டுல ஏதாவது கோளாறா?"

கேப்டன் அந்தக் கைகளைப் பார்த்தார். கரை எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ரொம்பத் தூரம்.

"ஐயோ, இல்லண்ணே. சீட்டெல்லாம் சுத்தம்."

"அப்ப தீர்ப்பு?"

"...தீர்ப்பும் சுத்தம்ணே."

மனைவி இரைப்பெட்டியையும் தேய்க்கும் பிரஷையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். குரலில் அவ்வளவு பணிவு.

"நீங்க சொன்னபடியே ஆகட்டுங்க. என்னிக்காவது உங்க பேச்சை நான் தட்டியிருக்கேனா?"