ஒரு சிவில் சீட்டுக்காக மூத்துப்போன ஊர்

ரெண்டு பேர் ஒரே மார்க் வாங்கக் கூடாது. வாங்கினால் அரசாங்கத்துக்குத் தலை சுற்றிவிடும். இது தெரியாமல், தொண்ணூத்தெட்டாம் வருசம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊரில் இளையபெருமாள் மகள் மேகலாவும், எதிர்வீட்டுச் செல்வம்மாள் மகன் இளவரசனும் பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு எல்லாம் சேர்த்து முன்னூறுக்கு இருநூற்று அறுபத்தெட்டே கால் வாங்கித் தொலைத்தார்கள். கணக்கிலும் சமம், இயற்பியலிலும் சமம். இன்ஜினியரிங் காலேஜில் மிச்சம் கிடந்ததோ ஒரே ஒரு சிவில் சீட்டு.

"மூத்தவருக்கே முன்னுரிமை" என்றது விதி. தேதியைப் பார்த்தால் ரெண்டு பேருக்கும் ஒன்று ஆறு எண்பது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் வகுப்புக்கே பொதுவாக அந்தத் தேதியைத்தான் போட்டிருந்தார்.

ஆகவே விவகாரம் மூப்பு நிர்ணயப் பிரிவின் மாண்பமை அதிகாரி அரங்கநாதன் அவர்களின் மேலான பார்வைக்குப் போனது.

மேகலாதான் முதலில் பேசினாள். "சார், இளவரசன் என்னைவிட ஒரு மாசம் மூத்தவன். அவனுக்குப் பேரு வச்சன்னிக்கு எங்கம்மா நெறமாசமா போயி பாயாசம் சாப்பிட்டுருக்காங்க."

"பாயாசத்துக்கு ரசீது இருக்கா?"

இல்லை. இளையபெருமாள் மகளைக் கிள்ளிப் பின்னால் தள்ளினார்.

"சார், எம்பொண்ணு ஊருக்கு ரோடு வர்றதுக்கு முன்னாடியே பொறந்தவ."

செல்வம்மாள் விடுவாளா? "எம்புள்ள கரண்டு வர்றதுக்கு முன்னாடி சார். கைவிளக்குல மொகம் பாத்தோம்."

"ஏம்மா, போன மாசந்தானே 'எம்புள்ள பச்சப்புள்ள'ன்ன?" என்று மடக்கினார் இளையபெருமாள்.

"நீ மட்டும் என்னண்ணே, பொண்ணுக்கு வயசு கம்மின்னு மாப்ள வூட்டுல சொல்லல?"

அதிகாரி இரு தரப்பையும் சமமாக மதித்தார். ஒருவர் ஒரு வயது கூட்டினால், அடுத்தவருக்கும் கூட்ட வாய்ப்பளித்தார். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் இருபத்தாறைத் தொட்டுவிட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

"இளையபெருமாள், உங்களுக்குக் கல்யாணம் எப்ப?"

"எழுபத்தெட்டுங்க."

"பொண்ணு எழுபத்திரண்டுல பொறந்திருக்கே?"

"கல்யாணத்தையும் முன்னாடி தள்ளிருங்க சார். மண்டபத்துக்காரர்ட்ட நான் பேசிக்கிறேன்."

தள்ளப்பட்டது. அடுத்து செல்வம்மாளுக்குப் பன்னிரண்டு வயது கூட்ட வேண்டியதாயிற்று.

"இப்ப உங்களுக்கும் உங்க மாமியாருக்கும் ஆறு வயசுதாம்மா வித்தியாசம்."

"அதான் சார் அந்தம்மா என்னைய மதிக்கிறதே இல்ல!"

மாமியாரை மூப்பாக்கினால் கொழுந்தன், கொழுந்தனை மூப்பாக்கினால் அவன் மச்சான் என்று, இருட்டுவதற்குள் பாதி ஊருக்கு வயசாகிவிட்டது. கடைசியில் முத்திரையோடு உத்தரவு வந்தது: மேற்படி இருவரும் பிறந்தது ஒன்று ஆறு எழுபத்திரண்டு. மறுபடியும் சமம். தவிர, இருபத்தொரு வயதைக் கடந்தவர்கள் மாணவராகச் சேரத் தகுதியற்றவர்கள் என்பதால், மேற்படி சீட்டு இருநூற்று அறுபது வாங்கிய, முறையான வயதுடைய வேறொரு பையனுக்கு வழங்கப்படுகிறது.

உத்தரவோடு காலேஜுக்குப் போன செல்வம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மேகலா அழவில்லை, அப்பாவைப் பார்த்த பார்வையில் அவருக்கு நிஜமாகவே பத்து வயசு கூடிவிட்டது. சத்தம் கேட்டுக் காலேஜ் தாளாளர் வெளியே வந்தார். உத்தரவை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"இருபத்தாறா? நமக்கு சிவில் வாத்தியாரு ரெண்டு பேரு வேணும். விதிப்படி இருபத்தஞ்சு முடிஞ்சிருக்கணும். நாளைக்கே வந்துருங்க."

மேகலா திகைத்தாள். "சார், இங்க படிக்கிறதுக்கே எங்களுக்குத் தகுதி இல்லேன்னுட்டாங்க."

"கட்-ஆஃப், ரேங்க், கவுன்சிலிங் எல்லாம் படிக்க வர்றவங்களுக்கும்மா. சொல்லிக் குடுக்குறவங்களுக்கு ஏது?"

மறுநாள் அந்த இருநூற்று அறுபதுகாரன் எழுந்து நின்று அவர்களுக்கு வணக்கம் சொன்னான். ரெண்டு பேரும் ராத்திரி படித்ததைக் காலையில் நடத்தினார்கள். பிள்ளைகள் நடத்தியதை அப்படியே எழுதி முதல் வகுப்பில் தேறினார்கள். தேறியவர்கள் நம்ம பக்கம் பாலம் கட்டக் கிளம்பினார்கள்.

முந்தாநாள் ஜெயங்கொண்டம் டவுன் பஸ் அவர்கள் கட்டியதில் ஒரு பாலத்தின்மேல் ஏறியது. பாலம் லேசாக ஆடியது. பஸ்ஸில் இருந்த நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினோம்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பயப்படாதீங்க. கட்டுன ஆளு கட்-ஆஃப் இருநூத்தி அறுபதாம்!"

"அப்பிடியா? அப்பச் சரி" என்று எல்லோரும் கம்பியை விட்டுவிட்டோம்.