சொந்த விளம்பரத்தைத் தொடாதிருப்பாயாக

"முடியாது! தலைகீழா நின்னாலும் முடியாது!"

ஒரு கன்னத்தில் சவர நுரையோடு, பாளையங்கோட்டைத் தெரு முழுக்கக் கேட்கும்படி அருமைநாயகம் இப்படி முழங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில்.

யாரிடம் முழங்கினார்? அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி லில்லியிடம் அல்ல. லில்லியிடம் இந்தக் குரலில் பேசும் தைரியம் அவருக்குக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வந்தது. வந்த வழியே போயும் விட்டது. இன்றைக்கு அவர் முழங்கியது, எந்த நாட்டில் இருக்கிறது என்றே அவருக்குச் சரியாகத் தெரியாத ஒரு விளம்பரக் கம்பெனியைப் பார்த்து. அந்தக் கம்பெனி காலங்காத்தாலே ஒரு மெயில் அனுப்பியிருந்தது. 'உங்கள் தளத்தில் எங்கள் விதிகள் மீறப்பட்டுள்ளன. ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விளம்பரங்கள் நிறுத்தப்படும்.'

"யாருகிட்டலே விதி பேசுத?" என்று அவர் போனைப் பார்த்துக் கேட்டார். போன் பதில் சொல்லவில்லை. அதற்காவது புத்தி இருந்தது.

மனுஷன் யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். மார்ஜின் விடாத விண்ணப்பத்தை விரலால் கூடத் தொடமாட்டார். நீல மையில் போடவேண்டிய கையெழுத்தைக் கறுப்பு மையில் போட்டுவிட்ட ஒரு தகப்பனாரைக் கொட்டுகிற மழையில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய புண்ணியவான். ஊருக்கெல்லாம் விதி, அவருக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆபீசில் கிளார்க் என்றால் வீட்டில் அவர் 'நெல்லை பஸ் நேரம்' என்ற வெப்சைட்டின் அதிபர். சாத்தான்குளத்துக்குக் கடைசி பஸ் எப்போது, பத்தமடை வழியாகப் பாபநாசம் போகிற பஸ் எது, அது பேட்டையில் நிற்குமா, நிற்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பறந்துவிடுமா, எல்லாம் அதில் இருக்கும். சைட்டைக் கட்டியவர் அவர். நேரத்தையெல்லாம் சேர்த்தவள் லில்லி. சாத்தான்குளத்தில் சித்தி, பத்தமடையில் கூடப் படித்தவள், அம்பாசமுத்திரத்தில் மதினி என்று ஊருக்கு ஒரு பொம்பளையைப் பிடித்து, தினமும் போன் போட்டு, ஒரு பஸ் நேரம் மாறினால் டிரைவருக்குத் தெரியுமுன் தெரிந்துகொள்வாள். விளம்பரத்தில் வருவது அந்தச் சைட்டுக்கு வருஷ வாடகை கட்டத்தான் காணும். விளம்பரம் நின்றால் சைட்டும் நின்றுவிடும், லில்லியின் மூன்று வருஷப் பாடும் அதோடு மண்ணாகிவிடும்.

அதனால்தான் அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன தப்புன்னு எழுதியிருக்கான் அத்தான்?"

"ரெண்டு தப்பாம். விளம்பரத்தை அமுக்கச் சொல்லி சனங்களைத் தூண்டினேனாம். பட்டனுக்கு ஒட்டினாப்புல விளம்பரத்தை வச்சு ஏமாத்துதேனாம்."

"நீங்க செய்யலியா?"

"செஞ்சேன். அதுக்கு?"

செய்தார்தான். செய்ததும் சாதாரணமாகவா செய்தார்? போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது சர்ச்சில், அசனம். வருஷத்துக்கு ஒரு தரம் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற விருந்து. பந்திக் கமிட்டியில் மைக் அருமைநாயகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. மைக் கிடைத்த மனுஷன் சும்மா இருப்பாரா?

"அன்பான சபையாரே! இலை போட்டாச்சு. சோறு வர கொஞ்சம் நேரம் ஆவும். அதுவரைக்கும் போனை எடுத்து நம்ம பஸ் சைட்டைத் திறந்து, அதுல வாற விளம்பரத்தை ஆளுக்கு ஒரு தடவை அமுக்குங்க. நம்ம சபைப் பிள்ளைக்கு நீங்க செய்யுத ஒத்தாசை!"

சபையார் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள். கீழத்தெரு அமுக்குவதைப் பார்த்து மேலத்தெரு போட்டிக்கு அமுக்கியது. முதல் பந்தி அமுக்கிவிட்டு எழுந்தால் ரெண்டாம் பந்தி உட்கார்ந்து அமுக்கியது. ஒரு அம்மாள் குழம்புக் கையோடேயே அமுக்கினாள். ஒரே கோயில் வளாகத்திலிருந்து ஒரே மத்தியானத்தில் இத்தனை விரல் விழுந்தால் கம்பெனிக்காரன் என்ன, கொட்டாவி விட்டுக்கொண்டா இருப்பான்?

பட்டன் சங்கதி அதைவிட மோசம். 'நேரம் பார்க்க' என்ற பட்டனுக்கு நூல் நுழைய இடமில்லாமல் விளம்பரத்தை ஒட்டி வைத்திருந்தார். அம்பாசமுத்திரம் பஸ்ஸைத் தேடிப் போனவன் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கடையில் போய் விழுந்தான்.

"கணக்கு ஆரம்பிக்கும்போதே அம்புட்டு ரூல்ஸும் எழுதியிருந்தான். நான் ஒக்காந்து முழுசும் வாசிச்சேன். நீங்க வாசிச்சியளா?" என்றாள் லில்லி.

"எதுக்கு வாசிக்கணும்? 'சம்மதம்'னு இருந்துது, அமுக்கினேன். கல்யாணத்தன்னைக்கும் ஐயர் கேட்டாரு, சம்மதம்னேன். வெவரமெல்லாம் விசாரிச்சிட்டா சொன்னேன்?"

பாதிரியாரை இந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வது. அவர் பெயரை இழுத்ததும் லில்லியின் கரண்டி ஒரு சாண் உயர்ந்தது.

"அதுக்கும் ஒருநாள் நோட்டீஸ் வரும் அத்தான். இப்போ இதைச் சரிபண்ணுங்க."

"மாட்டேன்! என் சைட்டு. என் சுவரு. எங்கன வேணும்னாலும் ஆணி அடிப்பேன்!"

"சுவருதான் ஒங்களுது. ஆணியும் அவன்து, மாட்டுத படமும் அவன்து."

"அப்படியா? இந்தா பாரு!" அருமைநாயகம் சைட்டைத் திறந்து, அதில் வந்த விளம்பரத்தை அவள் கண் முன்னாலேயே அமுக்கினார். "இந்தா, இன்னொரு தரம்! என்ன செய்வான்? வந்து கையைப் பிடிப்பானா?"

"ஐயோ! சொந்த விளம்பரத்தைச் சொந்தக்காரன் தொடப்பிடாது. அதுதான் மொத ரூலே!"

"என் விரலுட்டி இது! என் சொந்த விரலு!"

இந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக் கொம்பையா. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அடுத்த வீட்டில் புகைந்தால் விசிறி எடுத்துக்கொண்டு வருகிற நல்ல மனசு.

"விடாதீரும் வே! நாம ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஆளு. எவனோ ஒருத்தன் எங்கனயோ உக்காந்து அதட்டுனா பணிஞ்சு போயிருவமா?"

"கேட்டியா லில்லி? ஆம்பளைப் பேச்சு!"

லில்லி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி அத்தான்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

லில்லி 'சரி' என்று சொன்னால் பயப்படவேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் மனுஷனுக்கு அது பிடிபடவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து, மற்ற கன்னத்தையும் பாட்டுப் பாடிக்கொண்டே வழித்தார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். லில்லிக்குப் புது போன் வாங்கியபோது, தனக்கென்று ஒரு மெயில் கணக்குத் தொடங்கித் தரச் சொன்னாள். "புருஷன் பொஞ்சாதிக்குள்ள எதுக்குட்டி ரெண்டு கணக்கு?" என்று தன் கணக்கையே அதிலும் போட்டுக் கொடுத்தார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் எதைப் பார்க்கிறாள், எதைத் தேடுகிறாள் என்று வேவு பார்க்கத்தான். அப்புறம் வேவு பார்க்கவும் மறந்துபோனார். அவ்வளவுதான் அவர் சாமர்த்தியம்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஓய்வாகச் சைட்டைத் திறந்தார். பஸ் நேரத்துக்கு மேலே ஒரு விளம்பரம். 'குறட்டையா? குடும்பத்தார் தூங்க முடியவில்லையா?'

"எவனோ பாவம்" என்று சிரித்துக்கொண்டார்.

புதன்கிழமை, 'தொப்பை குறைய எளிய வழி.' அவர் சிரிக்கவில்லை, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மத்தியானம், 'முன் வழுக்கைக்கு மூலிகைத் தைலம்.' கை தானாகத் தலைக்குப் போயிற்று. சாயங்காலம், 'எடுத்ததற்கெல்லாம் கோபமா? இன்றே ஆலோசனை பெறுங்கள்.'

"எனக்கா கோவம்? எவம்லே சொன்னது!" என்று அவர் போட்ட சத்தத்தில், டி.சி. வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொம்பையாவிடம் ஓடினார்.

"வே, ஒம்ம போன்ல நம்ம சைட்டைத் தொறயும். என்ன விளம்பரம் வருது?"

கொம்பையா திறந்தார். "லேத் மிஷின் வருது. வெல்டிங் ராடு வருது. ஏன் அண்ணாச்சி?"

"குறட்டை, தொப்பை, வழுக்கை?"

"எனக்கு எதுக்கு வே அதெல்லாம் வரப்போவுது?" கொம்பையா அருமைநாயகத்தை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. குரலைப் பையத் தாழ்த்தினார். "அண்ணாச்சி... அவன் ஒம்மைப் பாக்கான்."

"எப்படிவே?"

"போன்ல கேமரா இருக்குல்லா? அது வழியா. ரூல்ஸ மீறுனவனைக் குறி வச்சுக் கவனிக்கான். நீரு கடுசாப் பேசிட்டீரு. எதுக்கும் கொஞ்சம் பணிஞ்சே போயிரும்."

"நீருதானவே விடாதீரும்னு சொன்னீரு?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?" தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அருமைநாயகம் உள்ளே போனார். மருந்து டப்பாவிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, போன் கேமராவின் மேல் ஒன்றுக்கு ரெண்டாக ஒட்டினார். "இப்போ பாருலே, பாப்போம்!" என்று அதனிடம் சவாலும் விட்டார். லில்லி மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரித்து முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் போனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அருமைநாயகம் சைட்டைத் திறந்தார்.

'தரமான பிளாஸ்திரி. இனி எங்கே ஒட்டினாலும் உரியாது.'

ஏ அம்மாடி! பிளாஸ்திரிக்குப் பின்னாலிருந்தே பிளாஸ்திரியைப் பார்க்கிறான் என்றால் இவன் என்ன கம்பெனிக்காரனா, பூதமா? ஆபீசுக்கு லீவு சொன்னார். சட்டையைப் போட்டுப் பொத்தான்களையெல்லாம் மாட்டினார். கவனிக்கிறான் அல்லவா? போன் முன்னால் பனியனோடு உட்காரலாமா?

"லில்லி, அந்த ரூல்ஸெல்லாம் வாசிச்சேன்னியே. கொஞ்சம் சொல்லு பாப்போம்."

"எதுக்கு அத்தான்? தலைகீழா நின்னாலும் முடியாதுன்னியளே."

"இப்போ நேராத்தான நிக்கேன்? சொல்லுட்டி!"

சொன்னாள். அவர் செய்தார். பட்டனுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவு இடம் விட்டார். மேலே 'விளம்பரம்' என்று தெளிவாகப் போட்டார். சொந்த விரலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஐயரிடம் கெஞ்சி மைக்கை வாங்கினார்.

"அன்பான சபையாரே! நம்ம சைட்டுல பஸ் நேரத்தை மட்டும் பாருங்க. நான் கேட்டேங்கிறதுக்காக ஒருத்தரும் விளம்பரத்தை அமுக்கப்பிடாது. போன வாரம் சொன்னது தப்பு!"

"நாங்க இன்னும் விடாம அமுக்கிட்டுல்லா இருக்கோம்!" என்று குழம்புக் கை அம்மாள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

"நிறுத்துங்கம்மா! ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

கோயிலே சிரித்தது. ஐயரும் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டார். அருமைநாயகத்துக்கு மானம் போயிற்று. ஆனால் மறுநாள் மெயில் வந்துவிட்டது. 'குறைகள் சரிசெய்யப்பட்டன. விளம்பரங்கள் தொடரும்.' சைட் பிழைத்தது. லில்லி அவர் தட்டில் ஒரு இட்லி கூடுதலாக வைத்தாள்.

மனுஷனுக்குக் கொம்பு திரும்ப முளைக்க அந்த ஒரு இட்லி போதாதா? சுவரோரம் நின்று கொம்பையாவிடம், "பயந்து செஞ்சேன்னு நெனைக்காதீரும். ரூல்ஸை மதிக்கிறது நம்ம ரத்தத்துலயே ஊறுனது. இனி எவனும் என்னை அசைக்க முடியாது, பாத்துக்கிடும்" என்று அளந்தார்.

அளந்துவிட்டு வந்து சைட்டைத் திறந்தார். ஒரு பட்டுச்சேலை. மயில்கழுத்து நிறம், கையகலச் சரிகை. டவுனில் ஒரு கடை. சாத்தான்குளம் பஸ்ஸைப் பார்த்தார், அதே சேலை. பாபநாசம் போனார், அங்கேயும் அதே சேலை.

"லில்லி! இந்தக் கூறுகெட்ட பயலுக எனக்கு எதுக்குச் சேலை காட்டுதானுவ? நான் என்ன சேலையா கட்டுதேன்?"

லில்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தப் போன்ல யாரு கணக்கு கெடக்கு அத்தான்?"

"என் கணக்கு. அதுக்..." பாதியில் நின்றுவிட்டார். குறட்டை வந்தது நினைவுக்கு. பின்னாலேயே தொப்பை, வழுக்கை, கோபம். கடைசியில் பிளாஸ்திரி.

"அம்புட்டும் நீயா தேடுன?"

"நீங்கதான ஒரே கணக்குன்னு சொன்னிய. நான் இங்கன தேடுனா அங்கன ஒங்களுக்கு வருது. நல்ல வசதியாத்தான் இருக்கு."

"அப்போ இந்தச் சேலை?"

"கிறிஸ்மஸ் வருதுல்லா."

அருமைநாயகம் துள்ளி எழுந்தார். "வாங்க மாட்டேன்! நடக்காது! கோயில்ல என் மானத்தை வாங்கினது போதாதா? ஒனக்குச் சேலை வேறயா? முடியவே முடியாது!"

"சரி அத்தான்" என்றாள் லில்லி. போனைக் கையில் எடுத்தாள். எதையோ தேட ஆரம்பித்தாள்.

அந்த 'சரி' இந்தத் தடவை அவருக்குப் பிடிபட்டது.

"இரு, இரு! என்ன தேடுத? வச்சிரு! வாங்கித் தொலைக்கேன். எந்தக் கடை அது? இந்தா, அமுக்கிப் பாக்கேன்..."

விரல் சேலைக்குப் பக்கத்தில் போகவும் லில்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொந்த விளம்பரத்தைத் தொடப்பிடாதுல்லா? கடைக்கு நேராப் போங்க அத்தான். பத்தே காலுக்கு டவுன் பஸ் இருக்கு. நேரம் தப்பாது, நான் போட்டது."