குட்டைச் சக்கரமும் கொழுத்த பிரேக்கும்

வண்டியின் உயரத்தைக் குறைத்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரர் முடிவு கட்டினார். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாகத் தோன்றியது.

விஷயம் இதுதான். அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். கடைக்கும் வீட்டுக்கும், மனைவி வேலை பார்க்கும் தபால் ஆபீசுக்கும் மட்டுமே போய்வரும் வண்டிக்கு மலையேறுகிற சக்கரம்! அதில் ஏற மனைவிக்கு முட்டி வலி இடம் கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் இவர் இறங்கி, மறுபக்கம் சுற்றிப் போய், முக்காலியைப் போட்டு, கையைப் பிடித்து, “பார்த்து, பார்த்து” என்று ஏற்றிவிட வேண்டும். அந்த அம்மாளும் “அம்மாடி, அப்பாடி” என்று ஏறி உட்காருவாள்.

போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் வாய் சும்மா இருக்கவில்லை.

“அடுத்த தடவை கிரேன்தான் வரவழைக்கணும்!”

நாலு பேரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தபால் ஆபீசுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். “கிரேனுக்கு எதுக்கு வீண் சிரமம்?” என்றாள், அவ்வளவுதான். பக்கத்து சீட் காலியானதும் மனுஷனுக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை. “லாரி வருது, லாரி வருது” என்று கத்த ஆளில்லாமல் லாரியைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பியதும், பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தார். சின்னச் சக்கரங்கள் தயாராக இருந்தன. இன்ச் டேப்பால் இவரே அளந்து பொறுக்கியவை. மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, பழசைக் கழற்றி, புதுசை வைத்தான். டங் என்றது. திருப்பி வைத்தான். மறுபடியும் டங்.

“அண்ணே, பிரேக் இடிக்குது.”

“நல்லா அமுக்குப்பா.”

“இதென்ன தலகாணி உறையா, அமுக்க? பிரேக் இவ்ளோ பெருசு. ரிம்முக்குள்ள இடம் இவ்ளோதான். வெளி அளவு எடுத்தீங்களே, உள் அளவு எடுத்தீங்களா?”

தையல்காரருக்குச் சுருக்கென்றது. தையலுக்கு இடம் விடாமல் ஒரு சட்டைகூட வெட்டியதில்லை அவர். சக்கரம் என்றதும் புத்தி எங்கே போச்சோ!

“அப்போ சின்ன பிரேக் போட்டுடலாமா?” என்றான் மெக்கானிக்.

“அதை மட்டும் தொடாதே!”

அந்தப் பெரிய பிரேக்கும் அவளுக்காகப் போட்டதுதான். ஒரு சரிவில் வண்டி வழுக்கியபோது அவள் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அடுத்த வாரமே கிடைத்ததிலேயே பெரிய பிரேக்காகப் பார்த்து மாட்டிவிட்டார். இப்போது அவளை ஏற்ற வாங்கிய சக்கரமும் அவளுக்காகப் போட்ட பிரேக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். தன் ஷெட்டுக்குப் போய் வேறு நாலு சக்கரங்களை உருட்டி வந்தான். ரிம் உள்ளே நன்றாகக் குழிவு, மேலே டயர் மெல்லிசு. பெரிய பிரேக்கும் அடங்கும், வண்டியும் தணியும். தையல்காரர் இடைவெளியில் ஒரு லைனிங் துணியை நுழைத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். துணி எங்கேயும் சிக்கவில்லை.

“தையலுக்கு இடம் இருக்குடா!” என்று குதித்தார். மிச்ச வேலையை நானே பார்க்கிறேன் என்று அவனை அனுப்பியும் விட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள்.

“வண்டிக்கு என்னங்க ஆச்சு? மண்ணுல புதைஞ்சிடுச்சா?”

“உனக்காகத்தான். ஏறு பார்க்கலாம்.”

ஒரே எட்டு. இவர் கையை நீட்டுவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

“எனக்காகவா இவ்வளவும்?”

“பின்னே? அந்தக் கிரேன் பேச்சு... அது தப்புதாம்மா. சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் முகம் மலர்ந்தது. உடனே ஏனோ வாடியது.

“பழைய சக்கரத்தையே மாட்டிடுங்க.”

“என்னது!”

“உசரத்துல உட்கார்ந்தே பழகிடுச்சு. இதுல தெருவே தெரியல.”

“முட்டி வலி?”

“அது கிடக்கட்டும். முக்காலி இருக்கு, நீங்க இருக்கீங்க. நாளைக்கு ஆபீசுக்கு உங்க கூடவே வரேன்.”

அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுபடி ஜாக்கி, மறுபடி நட்டு. முனகிக்கொண்டே நாலையும் மாற்றி முடித்தார். ஒரு சுற்று போய்வரலாம் என்று முக்காலியைப் போட்டார். “பார்த்து, பார்த்து.” “அம்மாடி, அப்பாடி.” அவளை ஏற்றிவிட்டு, தன் பக்கம் வந்து காலைத் தூக்கி வைத்தார்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

“ஏம்மா... கொஞ்சம்...”

மறுபக்கக் கதவு படாரென்று திறந்தது. அத்தனை உயரத்திலிருந்து அவள் பந்து மாதிரி குதித்தாள். முக்காலி இல்லை, அம்மாடி இல்லை. ஓட்டமாகச் சுற்றி வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வலியிலும் தையல்காரருக்கு வாய் பிளந்தது.

“உனக்கு முட்டி வலின்னு சொன்னியே?”

“நீங்க கையைப் பிடிச்சு ஏத்திவிடும்போது மட்டும்தாங்க வலிக்கும்.”

அவர் திருதிருவென்று விழித்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“என்ன யோசனை? காலைத் தூக்குங்க, கிரேன் காத்துட்டிருக்கு.”