கடைசி சீட்டில் வரக்காப்பி

மண்டபத்துச் செயலாளரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று மண்டபத்தைப் பூட்டினீர்கள். பூட்டிய மறுவாரமே உள்ளே ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் எவனும் மட்டன் பிரியாணி போட மாட்டான்.

எங்களை விரட்டத்தான் பூட்டினீர்கள். நாங்கள் குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

அந்தக் கூட்டத்தை நடத்துகிறவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் இந்தச் சேர்வராயன் மலையில் இன்னொருவர் கிடையாது. வெளியே பேர் சொல்லக்கூடாது என்பது கூட்டத்தின் விதி. வரக்காப்பி என்ற பட்டப்பேரைச் சொன்னால் ஏற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் எஸ்டேட் ஜீப் டிரைவர். போதையில் ஜீப்பைக் கொண்டுபோய் சில்வர் ஓக் மரத்தில் மோதியவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்: "மரம் ஒதுங்கிக்கும்னு நெனச்சேனுங்க."

நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். குடியை விடுவது என்று முடிவு செய்து, இப்படிக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று போனில் தேடினேன். சேலத்தைக் காட்டியது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும். வழியில் எத்தனை டாஸ்மாக் கடை என்று எனக்கு மனப்பாடம். தேடியதை அழித்துவிட்டு நேராக உள்ளூர்க் கடைக்குப் போனேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. எதிரே ஒருவர் பெரிய ஃபிளாஸ்க்கோடு நின்று, காத்திருந்தவர்களுக்கெல்லாம் வரக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். பாலும் கிடையாது, அறிவுரையும் கிடையாது.

"ஏனுங்க ரைட்டரு, ஞாயித்துக்கெழம சும்மாத்தான இருக்கீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு கூட்டமுங்க. ஆளு நொம்ப வரும்."

போனேன். ஆளு நொம்ப என்றால் அவரும் நானும். எனக்கு முன்னால் எட்டு வாரம் அவர் தனியாகவே நடத்தியிருக்கிறார். எழுந்து நின்று பேர் சொல்வாராம். தனக்குத் தானே வணக்கம் வைப்பாராம். பேசி முடித்ததும் கைதட்டிவிட்டு உட்காருவாராம். ஒரு வாரம், பாத்ரூம் தேடி உள்ளே வந்த சுற்றுலாக்காரர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முழுக் கூட்டமும் நடத்தியிருக்கிறார்.

"நொம்ப நல்ல மனுசனுங்க. கடைசி வரைக்கும் காலை ஆட்டிக்கிட்டே கேட்டாரு."

செயலாளரே, இன்னொன்றும் கேளுங்கள். சனிக்கிழமை உங்கள் மண்டபத்தில் விசேஷம் நடந்தால், ஞாயிறு விடிந்ததும் பின்பக்கம் காலி பாட்டில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கியது யார்? அவர்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஓடி ஓடிப் பொறுக்குவார். பதினொரு வருஷமாகத் தொடாத ஆளுக்கு அந்த வாசனை மேல் இன்னும் பயம். நாங்கள் மோந்துவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

நீங்கள் பூட்டிய அன்று நாங்கள் ஆறு பேர் வெளியே நின்றோம். கூட்டம் இல்லையென்றால் அன்றைக்கு நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியும்.

"கூட்டத்துக்குத் தேவ ஒரு கூரைதானுங்க," என்றார் வரக்காப்பி. மலைக்குள் இருக்கும் மாரமங்கலத்துக்குப் போகிற பத்து மணி பஸ் வந்து நின்றது. அதற்கும் கூரை இருந்தது. ஏறினோம்.

அன்றிலிருந்து கடைசி சீட்டில்தான் கூட்டம். இதில் ஒரு கொடுமை உண்டு. ஸ்டியரிங் கையில் இருந்தால் வரக்காப்பிக்கு ஒன்றும் ஆகாது. சும்மா உட்கார்ந்து போனால் மூன்றாவது வளைவில் வாந்தி. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் கேரிபேக். நடுவில் தலைமை உரை.

"குடிச்ச காலத்துலகூட இவ்வளவு எடுத்ததில்லீங்க," என்பார்.

கண்டக்டர் முதல் வாரம் முறைத்தார். மூன்றாம் வாரம், "நான் பேசற முறை எப்பங்க?" என்று கேட்டார். முன் சீட்டு அம்மா ஒருவர் திரும்பி, "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரரையும் அடுத்த வாரம் ஏத்தி உடறேன். நடுவுல எறங்க உட்டுறாதீங்க," என்றார். ரகசியக் கூட்டம் என்று பேர். மாரமங்கலம் வரை பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். பாதி வழியில் கடை ஸ்டாப். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. காத்திருக்கத் தயாராக எழுந்துவிட்டேன். வரக்காப்பி வாயில் கேரிபேக்கோடு என் சட்டையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க? நீங்க இன்னும் பேசவே இல்லயே."

"உடுங்கண்ணா."

"பேசிட்டு எறங்குங்க. நான் வாந்தியெடுத்துக்கிட்டே ஒக்காந்திருக்கறன், உங்களுக்கு என்ன அவசரம்?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தது. நான் பேசினேன். மாரமங்கலம் வரும்வரை பேசினேன். அவர் முகம் வெளுத்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

செயலாளரே, மண்டபத்தின் அடுத்த பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். மண்டபத்தை ஏன் பூட்டினீர்கள்? ஞாயிறு பத்து மணிக்குச் சாவியைத் தருவீர்களா, மாட்டீர்களா? நாங்கள் முன்வரிசையில் இருப்போம். எங்கள் நடுவே, எலுமிச்சம்பழம் தேவைப்படாத ஓர் அசையாத நாற்காலியில், அவர் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.