இன்ஸ்பெக்டரம்மா வாய் திறக்காத விவகாரம்

பாசமும் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, குழந்தை மூவரும் உயிரோடும் ஓரளவு சுத்தமாகவும் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் சுகம் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில்தான் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையை உன்னோடு தூக்கிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாய். "பால் குடுக்கறது என்ன, கார் ஓட்டக் கத்துக்குடுக்கற மாதிரின்னு நெனச்சியாடா" என்றும் கேட்டாய். நீ வர வேண்டாம் அக்கா. கோபப்படாமல் மேலே படி.

என் மனைவி பிரசவ லீவு முடிந்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த மாதம்தான் குழந்தைகள் காப்பகத்தில் இடம் காலியாகிறது. அதுவரை பார்த்துக்கொள்ள டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் நான் லீவு வாங்கினேன். காப்பகம் நடத்தும் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "புட்டியில குடிச்சாத்தான் சேர்த்துக்குவோம்." இவள் காலையில் தாய்ப்பால் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள், நான் சூடாக்கிக் கொடுப்பேன், இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். உன் மருமகளை, அதாவது என் மகளை, இன்னும் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

அவளுக்கு நான் இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், புருவத்தை மட்டும் தூக்கியே ஓட்டுகிறவனைத் தோற்கடிப்பார் இல்லையா, அதே முகம். முதல் நாள் வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அவளை மடியில் சாய்த்து வாயருகே கொண்டுபோனேன். உதடு கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. நான் இடது பக்கம் போனால் அவள் வலது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் போனால் கூரையைப் பார்த்தாள். பால் கழுத்து மடிப்புக்குள் போனது, காதுக்குள் போனது, என் சட்டைப் பைக்குள்ளும் போனது. வாய்க்குள் மட்டும் போகவில்லை. மருந்துக் கடைக்காரர் "இது அம்மா மாதிரியே இருக்கும் சார்" என்று நீளமாக ஒரு நிப்பிள் கொடுத்தார், பிறகு தட்டையாக ஒன்று, பிறகு மஞ்சளாக ஒன்று. ஒவ்வொன்றையும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, கருத்து எதுவும் சொல்லாமல் துப்பினாள். கரண்டியால் கொடுத்தேன். கரண்டியைப் பிடுங்கி என் மூக்குக் கண்ணாடியில் அடித்தாள்.

மதியம் இவள் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போட்டிருந்த ஈயக் கவசத்தைக் கழற்றக்கூட மறந்து, அந்தக் கனத்தோடு மூன்று மாடி ஏறி. மடியில் போட்டதும் இன்ஸ்பெக்டரம்மா மடமடவென்று குடித்தாள், குடிக்கும்போதே கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். தினமும் இதே கதை. ஆஸ்பத்திரியில் இவளுடைய மேலதிகாரி முதலில் முகத்தைத் தூக்கினார், பிறகு இப்படி நடுவில் ஓடக் கூடாது என்று வாயைத் திறந்து சொல்லியே விட்டார். அன்று சாயங்காலம் இவள் துணி மடித்துக்கொண்டே, "நான் வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேங்க. வேற என்ன பண்றது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வேலைக்கு அவள் எப்படிப் படித்தாள் என்று உனக்குத் தெரியும், பரீட்சை அன்று நீதான் அவளுக்குத் துணையாகப் போனாய்.

"இந்த வாரம் முடியட்டும். என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் லைசென்ஸ் வாங்காம போனதில்ல" என்றேன்.

"பால் குடிக்க லைசென்ஸ் எதுக்கு" என்றாள். ஆனால் மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கீழ்வீட்டு அம்மா, "அம்மா வாசனை இருந்தா புள்ள குடிச்சுடும் தம்பி" என்றார். அக்கா, இந்த இடத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே. நான் இவளுடைய நைட்டியைப் பேண்ட் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். குழந்தை முகர்ந்தது, யோசித்தது, உதடுகூடக் கொஞ்சம் விலகியது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். என்னிடம் கார் பழகும் பல் டாக்டர். டெஸ்டில் இருமுறை தோற்றவர், சந்தேகம் கேட்க வீட்டுக்கே வந்திருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு மிக மரியாதையாக, "சார் வீட்ல இருக்காங்களா" என்றார்.

"நான்தான் சார். உள்ள வாங்க."

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வாயத் தெறக்க வைக்கறதுதான் சார் என் தொழிலே" என்று கை கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே மண்டியிட்டு, "ஆ காட்டு" என்று தானும் காட்டினார். அவர் காட்டினார், நான் காட்டினேன், கதவோரம் வந்து நின்ற கீழ்வீட்டு அம்மாவும் காட்டினார். அவள் எங்கள் மூவரின் வாயையும் நிதானமாகப் பரிசோதித்துவிட்டுத் தன் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பயந்துபோய்க் குழந்தை டாக்டரிடம் ஓடினேன். அவர் எடை பார்த்தார். நன்றாக ஏறியிருந்தது. "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் வெறைச்சுப் போயிருக்கீங்க. திணிக்காதீங்க. புட்டிய வெளையாட்டுச் சாமான் மாதிரி கிட்ட வைங்க, அவளே எடுக்கட்டும்" என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் தினமும் சொல்வதும் அதேதான்: ஸ்டியரிங்கை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

நேற்று காலை பல் டாக்டர் மறுபடி வந்தார். மறுநாள் டெஸ்ட், மேட்டில் காரை நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளுகிறது என்று புலம்பினார். குழந்தை என் மடியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காட்டிக் கொடுக்க வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை, பால் புட்டியையே கியர்க் கம்பியாக வைத்துக்கொண்டேன். "இப்படி ஃபர்ஸ்டுக்குத் தள்ளுங்க, கிளட்ச மெதுவா விடுங்க, வண்டி லேசா அதிரும், அங்கயே பிடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறேன், புட்டி அசையவில்லை. கீழே பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாயில் வைத்து, குடித்துக்கொண்டிருந்தாள். கிளட்சை மறந்து அவளையே பார்த்தேன். பேச்சு நின்றது. அவளும் நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சார், நிறுத்தாதீங்க" என்றார் பல் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "பிரேக்கப் பத்தி சொல்லுங்க."

பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். அவர் தெரிந்த சந்தேகம், தெரியாத சந்தேகம், மூன்று வயதுப் பிள்ளைகூடக் கேட்காத சந்தேகம் எல்லாம் கேட்டார். நான் அவளைப் பார்க்காமலே பதில் சொன்னேன். கடைசியில் காலிப் புட்டி உறிஞ்சப்படும் சத்தம் கேட்டது. அந்த நல்ல மனிதர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியமும் குடித்தாள், சாயங்காலமும் குடித்தாள். நான் சாலை விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. காப்பகத்து அம்மாவும் இன்று வந்து பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார். இவள் இனி மதியம் ஓடி வர வேண்டாம், வேலையையும் விட வேண்டாம்.

ஆகவே அக்கா, உன் தம்பியால் முடிந்துவிட்டது. நீ நிம்மதியாக அங்கேயே இரு. அத்தானுக்கு என் வணக்கம், உன் கோபத்துக்கும் தனியாக ஒரு வணக்கம். உன் ஆசியை மட்டும் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் சொல்லை முதன்முறையாகத் தட்டிய தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது இவள் வேலையிலிருந்து வந்தாள். ஆசையாகக் குழந்தையை அள்ளி மடியில் போட்டாள். இன்ஸ்பெக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். மூன்று முறை முயன்றாயிற்று, உதடு பிரியவில்லை. இவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "எல்லாம் உங்களாலதான்" என்று சொல்லிவிட்டு அழுகிறாள். குழந்தை சிரிக்கிறது. யாரைச் சமாதானப்படுத்துவது என்றே தெரியவில்லை. தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அத்தான் போனுக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே அக்கா, கிடைக்கிற பஸ்ஸில் ஏறு.